267 கிலோமீட்டர்: தூத்துக்குடி – கொழும்பு, ஒரு தூரக் கணக்கு

சீவலப்பேரின்னு சொன்னதும் பாதிப் பேருக்கு அந்த 1994 சினிமா ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு சுடலை கோயிலும், சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேர்கிற இடமும் ஞாபகம் வரும். நமக்கு இந்தக் கட்டுரையில் சீவலப்பேரி ஒரு புள்ளி மட்டும்தான். வரைபடத்தில் அந்தப் புள்ளியில் ஒரு விரலை வையுங்கள். இப்போது ஒரு கேள்வி: இங்கிருந்து விமானத்தில் போக சென்னை கிட்டவா, கொழும்பு கிட்டவா?

கொழும்புதான் கிட்ட. அதுவும் ஏறத்தாழ பாதித் தூரம். ஆனால் போய்ச் சேர்வதற்கு ஆகும் நேரத்தைக் கேட்டால் கதை தலைகீழாக மாறும். இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம். ஒரு கால்குலேட்டர் போதும். பிளஸ் டூ திரிகோணமிதிக்கு மேல் எதுவும் வராது.

1. ஒரு விமான நிலையம் = ரெண்டு எண்

பூமியில் எந்த இடத்தையும் ரெண்டு எண்ணால் சொல்லிவிடலாம்: அட்சரேகை, தீர்க்கரேகை. நமக்குத் தேவையானவை இவை (வடக்கு, கிழக்கு என்ற வரிசையில், டிகிரியில்):

தூத்துக்குடி (வாகைக்குளம்): 8.724, 78.026
கொழும்பு (கட்டுநாயக்க): 7.181, 79.884
சென்னை (மீனம்பாக்கம்): 12.990, 80.169
மதுரை: 9.835, 78.093
சிங்கப்பூர் (சாங்கி): 1.350, 103.994

பூமியின் சராசரி ஆரம் 6371 கி.மீ. சுற்றளவை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. வரும். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைலும் இதிலிருந்து பிறந்ததுதான். ஒரு டிகிரியை 60 பாகமாகப் பிரித்தால் ஒரு பாகம் சுமார் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ.

2. முதலில் தட்டையாகப் போடுவோம்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் அட்சரேகை வித்தியாசம் 1.543 டிகிரி. அதை 111.19-ஆல் பெருக்கினால் 171.6 கி.மீ. அவ்வளவு தூரம் தெற்கே போகணும்.

தீர்க்கரேகை வித்தியாசம் 1.858 டிகிரி. இங்கே ஒரு சின்ன விஷயம். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். அதனால் கிழக்கு–மேற்குத் தூரத்தை அட்சரேகையின் காஸ் மதிப்பால் பெருக்க வேண்டும். நடு அட்சரேகை 7.95 டிகிரி, அதன் காஸ் 0.9904. ஆக 1.858 × 111.19 × 0.9904 = 204.6 கி.மீ. கிழக்கே.

இனி நம்ம பழைய பித்தாகரஸ்தான். 171.6-ன் வர்க்கத்தையும் 204.6-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 267 கி.மீ.

3. இப்போது உருண்டையாக

பூமி தட்டை இல்லை என்பதால் சரியான சூத்திரம் ஹாவர்சைன். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். நாலே படிகள், கால்குலேட்டரை டிகிரி மோடில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அட்சரேகை வித்தியாசத்தில் பாதி 0.7715. அதன் சைனை எடுத்து வர்க்கப்படுத்தினால் 0.0001813.

படி 2: தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதி 0.929. அதன் சைன் வர்க்கம் 0.0002629. இதை ரெண்டு ஊர் அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளாலும் (0.98843, 0.99216) பெருக்கினால் 0.0002578.

படி 3: ரெண்டையும் கூட்டினால் 0.0004391. வர்க்கமூலம் 0.020955. இதன் சைன் தலைகீழ் 1.2007 டிகிரி.

படி 4: அதை இரட்டித்தால் 2.4014 டிகிரி. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் ரெண்டு ஊருக்கும் இடையிலான கோணம் இதுதான். 111.19-ஆல் பெருக்கினால் 267 கி.மீ.

தட்டைக் கணக்கும் உருண்டைக் கணக்கும் ஒரே விடை! அப்புறம் எதுக்கு ஹாவர்சைன்? தூரம் அதிகமானால் வித்தியாசம் எட்டிப் பார்க்கும். சென்னை–சிங்கப்பூருக்குத் தட்டையாகப் போட்டால் 2930 வரும், ஹாவர்சைனில் 2925. இதில் ரெண்டு ஊரும் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் 5 கி.மீ.யோடு தப்பித்தோம். டெல்லியிலிருந்து அமெரிக்காவுக்கு இப்படிப் போட்டால் மானம் போய்விடும்.

இதே முறையில் மற்ற ஜோடிகளையும் போட்டால்:

தூத்துக்குடி – கொழும்பு: 267 கி.மீ.
மதுரை – கொழும்பு: 355 கி.மீ.
தூத்துக்குடி – சென்னை: 529 கி.மீ.
சென்னை – கொழும்பு: 647 கி.மீ.
சென்னை – சிங்கப்பூர்: 2925 கி.மீ.
தூத்துக்குடி – சிங்கப்பூர்: 2989 கி.மீ.

கடைசி ரெண்டு வரியைக் கவனித்தீர்களா? சிங்கப்பூருக்குத் தூத்துக்குடி சென்னையை விட 64 கி.மீ.தான் தள்ளி இருக்கிறது. ஆனால் நம்ம பக்கத்துப் பையன் வாகைக்குளத்தில் ஏறி சென்னை போய் மாறினால் 529 + 2925 = 3454 கி.மீ. பறக்கிறான். 465 கி.மீ. சும்மா சுற்றல்.

4. விமானம் கோடு போட்ட மாதிரி போகாது

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வது வரை சுமார் 128 கி.மீ. ஓடுகிறது. நேர்கோட்டில் அளந்தால் 100 கி.மீ. கூட வராது. ஆறு மேட்டைச் சுற்றி, பள்ளத்தைத் தேடி வளைந்து வருகிறது. வானத்தில் மேடு பள்ளம் இல்லாவிட்டாலும் விமானமும் கொஞ்சம் வளைந்துதான் வருகிறது. காரணங்கள் மூன்று.

ஒன்று, வான்வழிப் பாதைகள். கட்டுப்பாட்டு அறைகள் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தக் குறிப்பிட்ட புள்ளிகள் வழியாகத்தான் விமானங்களை அனுப்புகின்றன. ராணுவப் பயிற்சி வான்பரப்பு இருந்தால் அதையும் சுற்றிப் போகணும்.

ரெண்டு, மழை மேகம். ஐப்பசி கார்த்திகையில் மன்னார் வளைகுடா மேலே இடிமேகம் நின்றால் விமானி அதை ஒதுக்கித்தான் போவார்.

மூன்றாவதுதான் நம்ம ஊருக்கே உரியது: காற்று. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். இறக்கைக்கு மேல் காற்று ஓடினால்தானே தூக்குவிசை கிடைக்கும்! வாகைக்குளம் ஓடுபாதைக்கு ஒரு முனையில் 10, மறுமுனையில் 28 என்று பேர். திசைமானியில் 100 டிகிரி, 280 டிகிரி என்பதைத்தான் கடைசி சைபரை விட்டுவிட்டு அப்படிச் சொல்கிறார்கள். ஆடி மாதம் கயத்தாறு பக்கம் போனால் காத்தாடிகள் எல்லாம் மேற்கே பார்த்துச் சுற்றுவதைப் பார்க்கலாம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காத்து அது. அந்தக் காற்றில் விமானம் மேற்கு நோக்கி, அதாவது 280 டிகிரியில் ஓடித்தான் ஏற வேண்டும். ஆனால் கொழும்பு இருப்பது தென்கிழக்கே, சுமார் 130 டிகிரியில். ஏறியதும் 150 டிகிரி திரும்பணும். அந்த ஒரு திருப்பத்துக்கே சில நிமிடங்கள் போகும். அதுவே ஐப்பசியில் வாடைக்காற்று அடிக்கும்போது கிழக்கே பார்த்து ஏறினால் முப்பது டிகிரி திரும்பினால் போதும்.

5. பறக்கும் நேரம்: ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு

ஏர்பஸ் 320 மாதிரி ஜெட் மணிக்கு சுமார் 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படியானால் 267 கி.மீ.க்கு 19 நிமிடம் போதுமே? போதாது.

35,000 அடி உயரத்துக்கு ஏறுவதற்கே ஒரு ஜெட்டுக்கு இருபது நிமிடம் பக்கம் ஆகும், அதற்குள் 200 கி.மீ. அளவுக்கு முன்னால் போயிருக்கும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 35,000 அடிக்கு 105 கடல் மைல், அதாவது சுமார் 195 கி.மீ. ஏற 200, இறங்க 195. நம்மிடம் இருப்பதோ மொத்தமே 267! அதனால் விமானம் அவ்வளவு உயரம் போகவே போகாது. பாதி உயரத்தில் ஏறி, காபி குடிக்க நேரமில்லாமல் இறங்க ஆரம்பித்துவிடும். தவிர 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட்டுக்கு (மணிக்கு 463 கி.மீ.) மேல் போகக் கூடாது.

இன்னொன்று. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல, பிளாக் டைம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை இங்கே எடுப்பதிலிருந்து, அங்கே போய் மறுபடி வைப்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு ஊர்ந்து வருவது எல்லாம் இதில் அடக்கம்.

விமான அட்டவணைகளை எடுத்துத் தூரத்தையும் நேரத்தையும் வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் ஏறத்தாழ ஒரு நேர்கோடு கிடைக்கும். மதுரை–கொழும்பு சுமார் ஒரு மணி நேரம், சென்னை–கொழும்பு சுமார் 1 மணி 20 நிமிடம், சென்னை–சிங்கப்பூர் நாலேகால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டை இப்படி எழுதலாம்:

நேரம் (நிமிடத்தில்) = 32 + (தூரம் ÷ 800) × 60

சரிபார்ப்போம். மதுரை–கொழும்பு: 32 + 27 = 59 நிமிடம். சென்னை–கொழும்பு: 32 + 48 = 80. சென்னை–சிங்கப்பூர்: 32 + 219 = 251, அதாவது 4 மணி 11 நிமிடம். சரியாகப் பொருந்துகிறது.

இந்த 32-ஐக் கவனியுங்கள். எவ்வளவு பக்கத்து ஊராக இருந்தாலும் கட்டியே ஆக வேண்டிய நுழைவுக் கட்டணம் மாதிரி அது. தூத்துக்குடி–கொழும்புக்கு 32 + 20 = 52 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 308 கி.மீ.தான். சிங்கப்பூர் பயணத்திலோ சராசரி 700-ஐத் தொடுகிறது. தூரம் குறையக் குறைய விமானத்தின் பெருமையும் குறைகிறது.

ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானத்துக்கு நிலையான பகுதி கொஞ்சம் குறைவு, வேகமும் குறைவு: 25 + (தூரம் ÷ 470) × 60 என்று வைக்கலாம். தூத்துக்குடி–சென்னைக்கு 93 நிமிடம் வரும். கொழும்புக்குப் போட்டால் 59 நிமிடம். ஜெட்டில் 52, விசிறியில் 59. வெறும் 7 நிமிட வித்தியாசம்! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

6. பிளேஸ்மென்ட் தேர்வின் படகுக் கணக்கு, வானத்தில்

'படகு நீரோட்டத்தோடு போனால் இவ்வளவு, எதிர்த்து வந்தால் இவ்வளவு' என்று ஆப்டிடியூட் தேர்வில் கேட்பார்களே, அதே கணக்கு மேலே தினமும் நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெரிய காற்று ஆறு ஓடும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பேர். இதை 1950-களில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். தரையில் மேல்காத்து அடிக்கிற அதே மாதத்தில் உச்சியில் கீழ்க்காத்து! இதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கு இன்னும் மேலே இருந்தாலும், அதன் இழுப்பு விமானத்துக்கும் எட்டும்.

சராசரியாக மணிக்கு 55 கி.மீ. காற்று என்று வைப்போம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகையில் எதிர்க்காற்று: 2925 ÷ 775 = 3.77 மணி. திரும்பி வருகையில் சாதகம்: 2925 ÷ 885 = 3.31 மணி. ஒரே தூரம், 28 நிமிட வித்தியாசம்.

போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துவிடுவோமே, சரிக்குச் சரி ஆகிவிடாதா? ஆகாது. காற்றே இல்லாவிட்டால் போக வர 7.05 மணி. காற்றோடு 7.08 மணி. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டியிருக்கிறோம், சாதகக் காற்றில் குறைந்த நேரம்தான் இருக்கிறோம். அதனால் காற்று எப்போதும் கொஞ்சமாவது வட்டி வாங்கிவிடும். கொழும்பு மாதிரிக் குட்டிப் பயணத்தில் இந்த வட்டி ஒரு நிமிடம் கூட வராது, விட்டுவிடலாம்.

7. கடிகாரம்

சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி முன்னால். சென்னையில் இரவு 11 மணிக்கு ஏறி காலை 5.45-க்கு இறங்கினால் ஆறே முக்கால் மணி நேரம் பறந்ததாக அர்த்தம் இல்லை. ரெண்டரையைக் கழித்தால் நாலேகால். டிக்கெட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகாரம்.

இலங்கையில் இந்தத் தொல்லை இல்லை, நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம். ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1996-ல் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்துக்கே வந்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் பழைய அட்டவணையைப் பார்ப்பவர் அரை மணியைக் கழிக்க மறக்கக் கூடாது.

8. இப்போது சீவலப்பேரி வாசலிலிருந்து

இதுவரை போட்டது விமானத்தின் கணக்கு. இனி மனுஷன் கணக்கு. சீவலப்பேரியில் வீட்டுப் படியை விட்டு இறங்கி, கொழும்பு நகரத்துக்குள் போய் நிற்பது வரை. எல்லாம் உத்தேச நேரங்கள், உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வழி அ – மதுரை வழியாக:
ரோட்டில் சுமார் 150 கி.மீ.: 3 மணி
முன்கூட்டியே வந்து காத்திருப்பு: 3 மணி
விமானம்: 1 மணி
குடியுரிமைச் சோதனை, பெட்டி: 45 நிமிடம்
கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு: 1 மணி
மொத்தம்: 8 மணி 45 நிமிடம்

வழி ஆ – வாகைக்குளத்தில் ஏறி சென்னையில் மாறி:
ரோடு: 45 நிமிடம்
காத்திருப்பு: 1 மணி 30 நிமிடம்
சென்னை விமானம்: 1 மணி 35 நிமிடம்
சென்னையில் மாறுதல்: 3 மணி
கொழும்பு விமானம்: 1 மணி 20 நிமிடம்
சோதனை, பெட்டி: 45 நிமிடம்
கொழும்புக்குள்: 1 மணி
மொத்தம்: 9 மணி 55 நிமிடம்

வழி இ – வாகைக்குளத்திலிருந்து நேரடி விமானம் (இப்போதைக்குக் கற்பனைதான்):
ரோடு 45 நிமிடம், காத்திருப்பு 3 மணி, விமானம் 52 நிமிடம், சோதனை 45 நிமிடம், கொழும்புக்குள் 1 மணி
மொத்தம்: 6 மணி 22 நிமிடம்

மதுரை வழியில் மொத்தம் 525 நிமிடம். அதில் விமானத்துக்குள் இருப்பது 60 நிமிடம், ஏறத்தாழ 11 சதவீதம். நேரடி விமானம் வந்தால் மிச்சமாவது 143 நிமிடம். அதில் வானத்தில் மிச்சமாவது 8 நிமிடம்தான். மீதி 135 நிமிடமும் நாலுவழிச்சாலையில் மிச்சமாவது. அதாவது பக்கத்தில் ஒரு விமான நிலையம் இருந்தால் கிடைக்கும் பெரிய லாபம் ஆகாயத்தில் இல்லை, தரையில்.

9. அட்டவணையில் தெரியாத ஒரு எண்

இன்னும் ஒரு நேரம் பாக்கி இருக்கிறது. அதை எந்த டிக்கெட்டும் காட்டாது. போக வேண்டும் என்று நினைத்த நிமிடத்திலிருந்து அடுத்த விமானம் கிளம்பும் வரை ஆகும் நேரம்.

தினம் ஒரு விமானம் என்றால் சராசரிக் காத்திருப்பு அந்த இடைவெளியில் பாதி: 12 மணி. வாரத்துக்கு நாலு விமானம் சீராகப் பிரித்து விட்டால் இடைவெளி 42 மணி, சராசரி 21 மணி. தினம் மூன்று விட்டால் 4 மணி. மேலே 8 நிமிடத்துக்கும் 7 நிமிடத்துக்கும் கணக்குப் போட்டோமே, அதெல்லாம் இதற்கு முன்னால் தூசி.

சுற்றுலா போகிறவருக்கு இந்த எண் முக்கியமில்லை, ஒரு மாதம் முன்னாலேயே திட்டம் போட்டுவிடுவார். ஆனால் நம்ம பக்கம் கொழும்போடு இருப்பது சுற்றுலா உறவு மட்டும் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடியிலிருந்து அங்கே கடை வைக்கப் போனவர்கள் உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களிலிருந்து தமிழ்நாடு வந்த குடும்பங்கள் உண்டு. அண்ணன் இங்கே, தங்கச்சி அங்கே என்று பிரிந்த வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அங்கே ஒரு கேதம் விழுந்தால், சாயங்காலம் நாலு மணிக்கு போன் வந்தால், 'எத்தனை மணிக்கு எடுக்காங்க?' என்பதுதான் முதல் கேள்வி. அன்றைய விமானம் போயிருந்தால் 267 கி.மீ. தூரத்தில் இருக்கும் முகத்தைப் பார்க்க முடியாது. 52 நிமிடம், 59 நிமிடம் எல்லாம் அந்த நேரத்தில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

பொறியியலில் இதை அலைவெண் என்று படிக்கிறோம். ஒரு பயணி அனுபவிக்கும் நேரத்தைத் தீர்மானிப்பதில் வேகத்தை விட அலைவெண்ணுக்குப் பங்கு அதிகம். சீவலப்பேரி டவுன் பஸ்ஸுக்கும் இதே விதிதான். பஸ் எவ்வளவு வேகமாகப் போகுது என்பதை விட, எத்தனை மணிக்கு ஒருதரம் வருது என்பதுதானே நம்ம கேள்வி!

10. தூரம் மாறவில்லை

இந்த 267 கி.மீ. நேற்று வந்த கணக்கு இல்லை. வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியது இதே தூத்துக்குடி–கொழும்பு வழிக்காகத்தான். காலியா, லாவோ என்ற ரெண்டு கப்பல்கள் அதில் ஓடின. துறைமுகத்துக்குத் துறைமுகம் சுமார் 150 கடல் மைல். 12 நாட் வேகம் என்று வைத்தால் பன்னிரண்டரை மணி, ஓர் இரவுப் பயணம். இறங்கினால் நேரே கொழும்பு நகரத்துக்குள்ளேயே இறங்கலாம், கட்டுநாயக்கவிலிருந்து ஒரு மணி நேரம் வர வேண்டியதில்லை. நூறு வருடம் கழித்து, ஜெட் யுகத்தில், நம்ம 8 மணி 45 நிமிடத்தை அந்தப் பன்னிரண்டரையோடு வைத்துப் பாருங்கள். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிச்சம். 2011 ஜூனில் இதே வழியில் மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். அந்த வருடம் நவம்பரிலேயே நின்றுவிட்டது.

வாகைக்குளம் விமான நிலையம் 1992-ல் திறந்தது. ஓடுபாதை 1350 மீட்டர். ஏ.டி.ஆர். 72-க்கு முழு எடையில் ஏற சுமார் 1300 மீட்டர் வேண்டும், ஏர்பஸ் 320-க்கு 2000-க்கு மேல். அதனால்தான் ரொம்ப காலம் நமக்கு விசிறி விமானம் மட்டும் வந்தது. இப்போது ஓடுபாதை 3115 மீட்டர். 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறந்தாயிற்று. ஜெட் இறங்கலாம்.

'ஓடுபாதை வந்துட்டுல்லா, இனி கொழும்பு விமானமும் வந்துரும்' என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஐந்தாம் பகுதியின் அந்த 7 நிமிடத்தை எடுத்துப் பார்க்கணும். கொழும்புக்கு ஜெட் தேவையே இல்லை. 1350 மீட்டர் ஓடுபாதையில் ஏறும் விசிறி விமானமே 59 நிமிடத்தில் போய்விடும். 2019 நவம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே விமானம் தொடங்கியபோது வந்தது இதே ஏ.டி.ஆர். 72-தான். ஆக, தூத்துக்குடி–கொழும்புக்குத் தடையாக இருந்தது தூரமோ ஓடுபாதையோ அல்ல. குடியுரிமைச் சோதனையும் சுங்கமும் அந்த நிலையத்தில் வேண்டும். ரெண்டு நாட்டுக்கும் இடையிலான விமான ஒப்பந்தம் இடம் கொடுக்க வேண்டும். தினமும் விமானத்தை நிரப்பப் பயணிகள் வேண்டும். இதில் எதுவும் ஹாவர்சைன் சூத்திரத்தில் வராது.

பூமியில் ரெண்டு ஊருக்கு இடையே உள்ள தூரத்தை யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நேரம் அப்படி இல்லை. அது மனுஷன் செய்து வைத்த ஏற்பாடு. 267-ஐக் குறைக்க முடியாது, 525-ஐக் குறைக்கலாம். நாளைக்குப் போக்குவரத்துத் துறையிலோ விமானத் துறையிலோ வேலைக்குப் போகும் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், குறைக்க வேண்டிய எண் எது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

அ) யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம்: 9.792, 80.070. தூத்துக்குடியிலிருந்து தூரம் என்ன? (விடை: 254 கி.மீ. ஆமாம், கொழும்பை விட 13 கி.மீ. கிட்ட!)

ஆ) திருவனந்தபுரம்: 8.482, 76.920. அங்கிருந்து கொழும்புக்குத் தூரம் போடுங்கள். (விடை: 357 கி.மீ. மதுரையோடு ஒப்பிட்டால் 2 கி.மீ.தான் வித்தியாசம்.) அப்படியானால் தென்காசிக்காரரும் நாகர்கோவில்காரரும் எந்த நிலையத்துக்குப் போவது நல்லது? விமானத் தூரம் இதற்குப் பதில் சொல்லாது, எது சொல்லும்?

இ) உங்கள் வீட்டு வாசலிலிருந்து எட்டாம் பகுதி மாதிரி ஒரு பட்டியல் போடுங்கள். விமானத்துக்குள் இருக்கும் நேரம் எத்தனை சதவீதம் வருகிறது? 30-ஐத் தாண்டினால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.